சிங், சேங், சங்: ஜெர்மானிய மொழிகளின் இறந்தகால வினைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்த ஆங்கில வினைப் பட்டியல் பலருக்கும் நினைவிருக்கும். கோ, வென்ட், கான். சிங், சேங், சங். பை, பாட், பாட். ஏன் இப்படி என்று கேட்ட என்னிடம் "அது அப்படித்தான்" என்றார்கள். பிறகு படித்துப் பார்த்ததில், ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருப்பது தெரிந்தது. ஆனால் ஆங்கிலத்துக்குள் மட்டும் தேடினால் அது அகப்படாது. ஜெர்மன், டச்சு, ஐஸ்லாந்தியம் என்று அக்கம்பக்கத்து வீடுகளிலும் விசாரிக்க வேண்டும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜெர்மானிய மொழிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஆஃப்ரிகான்ஸ், ஃப்ரீசியம், யித்திஷ் ஆகியவை மேற்குக் கிளை. சுவீடிஷ், டேனிஷ், நார்வீஜியன், ஐஸ்லாந்தியம், ஃபாரோயியம் ஆகியவை வடக்குக் கிளை. கிழக்குக் கிளையில் நமக்கு நன்றாகத் தெரிந்தது கோதியம் மட்டும். அதுவும் பேசுவாரின்றி மறைந்துவிட்டது. இவை அனைத்துக்கும் தாயான மூல ஜெர்மானியத்தில் நூல் எதுவும் இல்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்ததுதான் அது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் இந்தக் குடும்பத்துக்குப் பெரியம்மா வீட்டு உறவு. எல்லாம் மூல இந்தோ-ஐரோப்பியத்தின் வழிவந்தவை.

இறந்தகாலம் காட்ட இந்த மொழிகள் என்ன செய்கின்றன?

வழிகள் இரண்டு. வினையின் நடுவே இருக்கும் உயிரை மாற்றுவது ஒன்று: ஆங்கிலத்தில் சிங் என்பது சேங் ஆகிறது. வினையின் வாலில் ஒரு 'ட்' ஒட்டுவது மற்றொன்று: லவ் என்பது லவ்ட் ஆகிறது, ஜெர்மனில் லீபன் என்பது லீப்டெ ஆகிறது.

யாக்கோப் கிரிம் 1819இல் வெளியிடத் தொடங்கிய ஜெர்மானிய இலக்கண நூலில் முதல் வகையை வலியவை என்றும் இரண்டாவதை மெலியவை என்றும் அழைத்தார். (தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்.) தன் உடம்பையே மாற்றிக் காலம் காட்டுவது வலியது, வெளியிலிருந்து ஒரு துண்டை வாங்கி ஒட்டிக்கொள்வது மெலியது. தமிழில் வல்வினை, மெல்வினை என்று வைத்துக்கொள்வோம். வல்வினை என்றதும் முற்பிறவிக் கணக்கு நினைவுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளைகளைக் கேட்டால் அந்தப் பொருளும் சரிதான் என்பார்கள்.

பள்ளிப் புத்தகங்கள் வால் ஒட்டும் வினைகளை ஒழுங்கானவை என்றும் உயிர் மாறுபவற்றை ஒழுங்கற்றவை என்றும் பிரிக்கின்றன. வரலாற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு. உயிர் மாறுவதுதான் பழைய சட்டம். வால் பின்னால் வந்தது.

உயிர் மாறும் வழக்கம் எப்படித் தோன்றியது?

மூல இந்தோ-ஐரோப்பியத்தில் ஒரு வேரின் உயிர் மூன்று நிலைகளில் நிற்கும்: 'எ', 'ஒ', உயிரே இல்லாத வெற்று நிலை. கிரேக்கத்தில் இதை நேராகவே பார்க்கலாம். லெய்போ என்றால் 'விட்டுச் செல்கிறேன்'. லெலொய்ப்ப என்றால் 'விட்டுச் சென்றிருக்கிறேன்'. எலிப்பொன் என்றால் 'விட்டுச் சென்றேன்'. வேருக்குள் 'எய்', 'ஒய்', 'இ' என்று மூன்று படிகள். 'எய்' என்பதில் 'எ' போய்விட்டால் எஞ்சுவது 'இ' தானே?

ஜெர்மானியத்துக்கு வரும்போது ஒலிகள் இடம் மாறின. பழைய குறில் 'ஒ' எல்லாம் 'அ' ஆயிற்று. 'ன்', 'ங்' போன்ற மூக்கொலியும் அடுத்து ஒரு மெய்யும் வந்தால், முன்னால் இருந்த 'எ' மெல்ல 'இ' ஆயிற்று. உயிர் இல்லாத இடத்தில் மூக்கொலி தனியே நிற்க முடியாமல் முன்னால் ஓர் 'உ'வைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். எ, ஒ, வெற்று என்பது இ, அ, உ என்றாகிறது. பழைய ஆங்கிலத்தில் 'பாட' என்பதற்கு சிங்கன், 'பாடினான்' என்பதற்கு சங், 'பாடினார்கள்' என்பதற்கு சுங்கொன். இன்றைய சிங், சேங், சங் மூன்றும் அந்தப் படிகளின் தேய்மானம்தான். பாடத்தில் வரும் இந்த ஒரு வரிக்கு ஐந்தாயிரம் ஆண்டுக்குக் குறையாத வயது உண்டு.

வடிவத்தோடு பொருளும் நகர்ந்தது. மூலமொழிக்கு ஒரு செயல் எப்போது நடந்தது என்பதைவிட, அது நடந்துகொண்டிருப்பதா, நடந்து முடிந்ததா, அதன் விளைவாக நிற்கும் நிலையா என்பதே முக்கியம். லெலொய்ப்ப என்பது மூன்றாவது வகை. ஜெர்மானியம் இந்த நுட்பங்களையெல்லாம் கட்டிவைத்துவிட்டு, நிகழ்காலம், இறந்தகாலம் என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டது. 'பாடியிருக்கிறான்' என்ற வடிவம் 'பாடினான்' என்ற பொருளுக்கு இறங்கிவந்தது என்று சொன்னால் விளங்கும்.

லெலொய்ப்ப என்பதன் தொடக்கத்தில் 'லெ' இரட்டித்திருப்பதைக் கவனித்தீர்களா? சமஸ்கிருதத்தில் 'கண்டான்' என்பதற்கான ததர்ச என்ற சொல்லிலும் அதே இரட்டிப்பு. பெரும்பாலான ஜெர்மானிய வினைகளில் இது உதிர்ந்துவிட்டது. கோதியத்தில் மட்டும் ஒரு குழுவில் பிழைத்திருக்கிறது: ஹைட்டன் என்றால் 'அழைக்க', ஹெஹைட் என்றால் 'அழைத்தான்'. லேட்டன் என்றால் 'விட', லெலோட் என்றால் 'விட்டான்'. பழைய ஆங்கிலக் கவிதைகளில் ஹெஹ்ட் என்று இதன் எச்சம் ஒன்று தலைகாட்டும்.

'ஹி கேன்ஸ்' என்று ஏன் வருவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் இதன் பதில் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது: வேதம்.

சமஸ்கிருதத்தில் வேத என்ற வினைக்கு 'அறிவேன்', 'அறிவான்' என்று பொருள். வடிவத்தைப் பார்த்தால் அது ததர்ச வகையைச் சேர்ந்தது, பொருளோ நிகழ்காலம். 'கண்டிருக்கிறேன், ஆகவே அறிவேன்' என்பது உள்ளே இருக்கும் தர்க்கம். இதே சொல் கிரேக்கத்தில் ஒய்த, கோதியத்தில் வைட், இன்றைய ஜெர்மனில் வைஸ். எல்லாவற்றுக்கும் 'அறிவேன்' என்றே பொருள். ஆங்கிலத்தின் விட் என்ற சொல்லும் இந்த வேர்தான்.

இப்படி இறந்தகாலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிகழ்காலத்தில் உலவும் வினைகள் ஜெர்மானியத்தில் பத்துக்கு மேல் உண்டு. கேன், ஷல், மே எல்லாம் அந்தக் கூட்டம். கேன் என்றால் ஆதியில் 'கற்றுக்கொண்டேன், ஆகவே தெரியும்'. ஷல் என்றால் 'கடன்பட்டிருக்கிறேன்'. கோதியத்தில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு வரும் 'ஸ்' நிகழ்கால விகுதி. இறந்தகால வடிவத்துக்கு அது வராது. 'ஹி சேங்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. அதே காரணத்தால்தான் 'ஹி கேன்ஸ்' இல்லை. ஜெர்மனிலும் இதே கதை: பாடுகிறான் என்பதற்கு வரும் 'ட்' விகுதி, கேன் என்பதன் ஜெர்மன் உறவான கான் என்ற வினைக்கு வராது.

நிகழ்காலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்த வினைகளுக்குப் புதிதாக ஓர் இறந்தகாலம் தேவைப்பட்டது. அப்போது கையில் கிடைத்த 'ட்' வாலை ஒட்டிக்கொண்டன: குட், ஷுட், மைட். மஸ்ட் என்பது இன்னும் வேடிக்கை. அது மோட் என்ற வினையின் இரண்டாம் சுற்று இறந்தகாலம். பிறகு அதுவும் நிகழ்காலத்துக்கே வந்துவிட்டது. தலைவினை மோட் காணாமல் போயிற்று. ஆங்கிலத்தில் குட் என்ற சொல்லை எழுதும்போது உச்சரிக்காத ஒரு 'எல்' வருகிறதே, அதற்கு வரலாற்று உரிமை எதுவும் கிடையாது. வுட், ஷுட் இரண்டிலும் அது நியாயமாக இருப்பதைப் பார்த்து இதிலும் நுழைத்துவிட்டார்கள்.

அந்த 'ட்' வால் எங்கிருந்து வந்தது?

தமிழில் ஒரு புதுச்சொல் வந்தால் என்ன செய்கிறோம்? போன் செய்தான், டைப் செய்தான் என்கிறோம். போன் என்ற சொல்லுக்குத் தனியாகக் கால இடைநிலை தேடி அலைவதில்லை. 'செய்' என்ற வினையை முட்டுக்கொடுத்துக் காலம் காட்டுகிறோம். மூல ஜெர்மானியத்திலும் ஏறத்தாழ இதுதான் நடந்தது என்பது பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம்.

பெயர்ச்சொல்லிலிருந்து செய்த வினைகளுக்கும் பிறவினைகளுக்கும் உயிரை மாற்றும் வசதி இல்லை. ஒரு பிறவினையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சிட் என்றால் 'உட்கார்'. செட் என்பது ஆதியில் 'உட்காரச் செய்'. இந்தச் செட், சிட் என்பதன் இறந்தகால உயிரை எடுத்துத்தான் உருவாக்கப்பட்டது. டிரிங்க், டிரெஞ்ச் இணையும் அப்படியே: 'குடி', 'குடிக்கச் செய்'. ஏற்கெனவே ஓர் உயிர்ப்படியில் உட்கார்ந்துவிட்ட இவற்றால் மறுபடி படி மாற முடியாது. எனவே 'செய்' என்ற பொருளுள்ள வினையின் இறந்தகாலத்தை, அதாவது ஆங்கிலத்தின் டிட் என்பதன் மூதாதையை, பின்னால் ஒட்டினார்கள். காலப்போக்கில் அது தேய்ந்து ஒற்றை 'ட்' ஆயிற்று.

கோதியத்தில் தேயாத வடிவமும் கிடைக்கிறது. நஸித என்றால் 'காப்பாற்றினேன்'. 'காப்பாற்றினோம்' என்பதற்கு நஸிதேதும். அந்த 'தேதும்' என்ற வாலையும், பழைய உயர் ஜெர்மனில் 'செய்தோம்' என்ற பொருளுள்ள தாத்தும் என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு புரியும்.

ஆனால் வழக்கு முழுதாக முடிந்துவிடவில்லை. பழைய வடிவங்கள் சிலவற்றில் இந்த வால் 'செய்' வினைக்குரிய ஒலியாக இல்லாமல் வேறு ஒலியாக நிற்கிறது. அதனால் கிருத, மிருத போன்ற சமஸ்கிருதச் சொற்களில் வரும் 'த' என்ற எச்ச விகுதிக்கும் இதில் பங்கு உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எனக்கு 'செய்' விளக்கமே நெருக்கமாகப்படுகிறது. நஸிதேதும் போன்ற ஒரு சொல்லை வேறெப்படி விளக்குவது? மூன்றாம் கட்டத்தில் வரும் லவ்ட் விஷயத்தில் சண்டையே இல்லை. அது அந்த 'த' விகுதியின் வழிவந்ததுதான். ஆங்கிலப் பட்டியலில் லவ்ட், லவ்ட் என்று இரண்டு கட்டத்திலும் ஒரே சொல் நிற்கிறதே, அவை ஒரே முகம் கொண்ட இரண்டு ஆட்கள். பழைய ஆங்கிலத்தில் லுவொதெ என்றும் கெலுவொத் என்றும் வேறு வேறாகவே இருந்தன.

இதற்கெல்லாம் எழுத்துச் சான்று உண்டா?

உண்டு. அதில் ஒன்று தங்கத்தில் இருந்தது.

டென்மார்க்கின் தென்பகுதியில் கல்லெஹுஸ் என்ற ஊர். 1639இல் அங்கே ஒரு தங்கக் கொம்பு மண்ணிலிருந்து கிடைத்தது. 1734இல் அதே இடத்துக்கு அருகே இன்னொன்று. இரண்டாவது கொம்பின் விளிம்பில் ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் ஒரு வாக்கியம் பொறிக்கப்பட்டிருந்தது: ஏக் ஹ்லேவகஸ்திஸ் ஹோல்திஜஸ் ஹோர்ன தவிதோ. 'ஹோல்த்தைச் சேர்ந்த ஹ்லேவகஸ்திஸ் ஆகிய நான் கொம்பைச் செய்தேன்' என்று பொருள். காலம் சுமார் கி.பி. 400. கடைசிச் சொல்லான தவிதோ மெல்வினையின் இறந்தகாலம். நம் 'ட்' வாலின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை என்ற வரிசையைப் பார்த்தால் தமிழ் வாக்கியம் போலவே இருக்கும்.

1802இல் நீல்ஸ் ஹைடன்ரைஹ் என்ற பொற்கொல்லர் கோபன்ஹேகன் அரச சேகரிப்பிலிருந்து இரண்டு கொம்புகளையும் திருடி உருக்கிவிட்டார். முன்பே யாரோ வரைந்துவைத்த படம் இருந்ததால் வாக்கியம் பிழைத்தது. 'செய்தேன்' என்று ஒரு கைவினைஞன் பெருமையோடு எழுதியதை இன்னொரு கைவினைஞன் அழித்திருக்கிறான்.

நீண்ட நூல் வேண்டுமென்றால் கோதிய பைபிள். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் மொழிபெயர்த்தது. அதன் புகழ்பெற்ற பிரதி, ஊதா நிறத் தோலில் வெள்ளி, தங்க மையால் 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மேலே சொன்ன கோதிய எடுத்துக்காட்டுகள் இந்த மொழிபெயர்ப்பில் வரும் மொழிதான்.

தமிழிலும் இறந்தகாலத்துக்கு 'த்', 'ட்' தானே? ஏதாவது தொடர்பு உண்டா?

இல்லை. த், ட், ற், இன் என்று நன்னூல் சொல்லும் இடைநிலைகளுக்குத் திராவிட மொழிகளுக்குள்ளேயே தனி வரலாறு இருக்கிறது. நாவின் நுனியில் பிறக்கும் ஒலிகள் உலகில் எல்லா மொழிகளிலும் மலிவு. இரண்டு இடத்தில் ஒரே வேலைக்கு வந்து சேர்வது தற்செயல். ஒப்புமை வேண்டுமானால் வேறு இடத்தில் பார்க்கலாம். புகு என்பது புக்கான் ஆவதும் பெறு என்பது பெற்றான் ஆவதும், இடைநிலையை நம்பாமல் வேரே மாறிக் காலம் காட்டுவதுதானே? கிரிம் பார்த்திருந்தால் வலியவை என்றிருப்பார்.

ஆங்கிலத்தில் ஒருமைக்கு வாஸ், பன்மைக்கு வேர். 'ஸ்' ஏன் 'ர்' ஆகிறது?

கார்ல் வெர்னர் என்ற டேனிஷ் அறிஞர் 1870களில் விடுவித்த புதிர் இது. மூல இந்தோ-ஐரோப்பியத்தில் சொல்லின் அழுத்தம் இடம் மாறும். இந்த வினைகளில் ஒருமையில் வேரின் மேல் விழும்; பன்மையில் விகுதியின் மேல் போய்விடும். வேத மொழியில் வேத என்பதில் அழுத்தம் முதலசையில், 'அறிவோம்' என்ற வித்ம என்பதில் கடைசி அசையில். அழுத்தம் முன்னால் இல்லாத இடத்தில் ஜெர்மானியத்தின் 'ஸ்' அதிர்வொலி பெற்று, பிறகு 'ர்' ஆகியது. அழுத்தம் எல்லாச் சொற்களிலும் முதலசைக்கே வந்து நிலைத்துவிட்ட பிறகும், அதன் பழைய தடம் வாஸ், வேர் என்று தங்கிவிட்டது. டச்சில் வஸ், வாரன்.

ஜெர்மன் பேசுவோர் பழைய நிலையை விட்டுச் சீராக்கிவிட்டார்கள்: ஒருமையும் வார், பன்மையும் வாரன். ஆங்கிலத்தில் மற்ற வினைகளும் சீராகிவிட்டன. ஃபோர்லோர்ன் என்ற சொல்லில் வரும் 'ர்' மட்டும், லூஸ் என்பதன் 'ஸ்' ஒருகாலத்தில் இப்படி மாறியதற்குச் சாட்சி.

ஒருமைக்கு ஓர் உயிர், பன்மைக்கு ஓர் உயிர் என்றீர்கள். அந்த வேறுபாடு எங்கே போயிற்று?

ஐஸ்லாந்தியத்தில் இன்றும் இருக்கிறது: பாடினேன் என்றால் ஒரு உயிர், பாடினோம் என்றால் வேறு உயிர். டச்சில் குறில், நெடில் வேறுபாடாகச் சில வினைகளில் நிற்கிறது: நம், நாமன். சுவீடிஷ் எழுத்து வழக்கில் 1940கள் வரை பன்மைக்குத் தனி வினை வடிவம் எழுதினார்கள், பேச்சில் அது செத்து நெடுங்காலம் ஆன பிறகும்.

ஆங்கிலமும் ஜெர்மனும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன. எதை வைத்துக்கொண்டன என்பதில் ஒழுங்கு எதுவும் கிடையாது. ரோட், 'எழுதினான்', பழைய ஒருமை. ஃபவுண்ட், 'கண்டுபிடித்தான்', பழைய பன்மை. ஸ்போக் என்பதன் உயிர், பட்டியலின் மூன்றாம் கட்டத்தில் நிற்கும் எச்ச வடிவத்திலிருந்து வந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் அது இன்னும் ஸ்பேக் ஆகத்தான் இருக்கிறது. வீட்டைப் பாகம் பிரித்தவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல.

ஜெர்மனில் ஒரு பழமொழி: பெரியவர்கள் எப்படிப் பாடினார்களோ அப்படியே சிறுசுகள் கீச்சிடும். அதில் 'பாடினார்கள்' என்பதற்கு இன்றைய சாங்கன் வராமல் பழைய சுங்கன் வருகிறது. காரணம் எளிது. அடுத்த அடியின் இறுதியில் 'இளையவர்கள்' என்பதற்கான யுங்கன் நிற்கிறது. எதுகை அந்தப் பன்மை உயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கோ என்பதற்கு வென்ட் எப்படி வந்தது?

வேறு வினையிடமிருந்து கடன். வெண்ட் என்றால் 'திரும்பு, வழிசெல்'. செண்ட், சென்ட் போல வெண்ட், வென்ட். பழைய ஆங்கிலத்தில் 'போனான்' என்பதற்கு எயொதெ என்ற சொல் இருந்தது. அது மங்கி, 15ஆம் நூற்றாண்டளவில் வென்ட் அந்த இடத்தைப் பிடித்தது.

திங்க், தாட், டீச், டாட், பை, பாட். இவை வல்வினைகளா?

இல்லை, இவை மெல்வினைகள். உயிர் மாறுகிறதே என்றால், மாறியது இறந்தகாலத்தில் அல்ல, நிகழ்காலத்தில்.

நிகழ்கால வடிவத்தின் வாலில் ஓர் 'இ' ஒலி இருந்தது. அது முன்னால் இருந்த உயிரையும் தன் பக்கம் இழுத்தது. சில வினைகளில் 'க்' ஒலியைச் 'ச்' ஆக்கியது. டீச் அப்படி ஆனதுதான். இறந்தகாலத்தில் அந்த 'இ' இல்லாமல் 'ட்' நேராக வேரோடு ஒட்டியதால் பழைய உயிர் அப்படியே தங்கியது. 'க்', 'ட்' இரண்டும் உரசியதில் 'க்' தொண்டை ஒலியாகக் கரைந்தது. ஆங்கிலேயர் அதை உச்சரிப்பதை நிறுத்தி நெடுநாள் ஆயிற்று. எழுதும்போது மட்டும் 'ஜி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளைச் சுமக்கிறார்கள். ஜெர்மன் பேசுவோர் டாஹ்டெ என்று அந்த ஒலியை இன்றும் உச்சரிக்கிறார்கள்.

கேட்ச், காட் மட்டும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பொருள் ஒத்த லாச்சன் என்ற பழைய வினையைப் பார்த்து அதன் இறந்தகாலத்தைப் போலவே தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டது.

புட், கட், செட் ஏன் மாறுவதே இல்லை?

வேரே 'ட்' ஒலியில் முடிகிறது. வாலின் 'ட்' அதோடு கலந்துவிட்டது. ஈற்றில் இருந்த உயிரும் உதிர்ந்தபின் வேறுபாடு காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அவ்வளவுதான்.

வால் எழுத்தில் ஒன்று. உச்சரிப்பில் 'ட்', மெல்லிய 'ட்', 'இட்' என்று மூன்று. ஏன்?

முன்பு எல்லாமே 'எட்' என்று தனி அசையாக ஒலித்தன. 'கற்றறிந்த' என்ற பொருளில் வரும் லெர்னெட் என்ற சொல்லில் அது இன்னும் கேட்கும். அசை தேய்ந்தபோது ஜோனதன் ஸ்விஃப்டுக்குக் கோபம் வந்தது. டிஸ்டர்ப்ட், ரிபியூக்ட் என்று சொற்களைச் சுருக்கிக் காதுக்கு நாராசமாக்குகிறார்கள் என்று 1712இல் அச்சிட்டே முறையிட்டார். மொழி அவரைக் கேட்கவில்லை. 'ட்', 'டி' ஒலிகளில் முடியும் வினைகளில் மட்டும், வேறு வழியில்லாமல், அசை நிலைத்தது.

டச்சுப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு நினைவுச்சொல் உண்டு: ட்கோஃப்ஸ்ஹிப், ஒரு வகைக் கப்பலின் பெயர். வேர் அந்தச் சொல்லின் மெய்களில் ஒன்றில் முடிந்தால் வால் 'டெ' என்று வல்லொலியாக வரும். இல்லையென்றால் மெலிந்து ஒலிக்கும்.

வல்வினைகள் அழிந்துகொண்டிருக்கின்றனவா?

குறைந்துகொண்டு வருகின்றன. 2007இல் 'நேச்சர்' இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகளில் 177ஐ எடுத்துக்கொண்டு பார்த்தால், இடைக்கால ஆங்கிலத்தில் 145 அப்படியே இருந்தன, இன்று 98. ஒரு வினை நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால் பத்து மடங்கு வேகமாக வாலுக்கு மாறுகிறது. அடிக்கடி சொல்லும் சொல்லை யாரும் மறப்பதில்லை. எப்போதாவது சொல்வதற்குத்தான் பொது விதியைத் தேடுகிறோம். ஹெல்ப் என்பதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் ஹோல்ப். மெல்ட் என்பதன் பழைய எச்சமான மோல்டென், உருகிய உலோகத்துக்கும் எரிமலைக் குழம்புக்கும் மட்டும் அடைமொழியாக ஒதுங்கிவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்துப் பழையது தோற்கிறது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருக்கிறது. டிக் என்பதற்கு 1611 பைபிளில் டிக்ட் என்ற மெல்வினை வடிவம்தான். இன்று எல்லோரும் சொல்வது டக். வேர், வோர் என்ற 'அணி' வினையும் பழைய ஆங்கிலத்தில் மெல்வினை. அமெரிக்காவில் ஸ்னீக் என்பதற்கு ஸ்னக் பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். டச்சில் 'கேட்டான்' என்ற வ்ரூஹ் பிற்காலத்து வல்வினை.

கடன்சொற்கள்கூடப் பழைய படிகளில் ஏறியிருக்கின்றன. லத்தீனிலிருந்து வந்த 'எழுது' என்ற வினை ஜெர்மனில் ஷ்ரைபன், ஷ்ரீப் என்று உயிரை மாற்றிக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து வந்த ஸ்ட்ரைவ் ஆங்கிலத்தில் ஸ்ட்ரோவ் ஆனது. டிரைவ், டிரோவ் என்று ஒத்த ஒலியுள்ள கூட்டம் ஒன்று பக்கத்தில் இருந்தால் புதியவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். இன்றைய வரவுகளுக்கு அந்த வாய்ப்பு அரிது. கூகுளில் தேடினேன் என்பதற்கு ஆங்கிலமும் ஜெர்மனும் வாலைத்தான் ஒட்டுகின்றன.

ஜெர்மன் படிக்கிறேன். இதெல்லாம் தெரிந்தால் ஏதாவது பயன் உண்டா?

பட்டியலை அகரவரிசையில் படிக்காதீர்கள். கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூக்கொலியில் முடியும் வேர்கள் பெரும்பாலும் இ, அ, உ: ட்ரிங்கன், ட்ராங்க், கெட்ருங்கன். ஆங்கிலத்தின் டிரிங்க் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். பாதி வேலை முடிந்தது.

தென் ஜெர்மனியில் பேசும்போது இறந்தகால வடிவமே காதில் விழுவதில்லையே?

உங்கள் காது சரிதான். அங்கே 'பாடினேன்' என்பதை நேராகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் சங்' போன்ற அமைப்பைத்தான் சொல்கிறார்கள். 'நேற்று' என்ற சொல்லோடும் அது தாராளமாக வரும்.

அந்த அமைப்பு பிறந்த விதத்தை 9ஆம் நூற்றாண்டு நற்செய்தி மொழிபெயர்ப்பு ஒன்றில் பார்க்கலாம். ஒருவனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் நடப்பட்ட அத்திமரம் ஒன்று இருந்தது என்ற வாக்கியம். அதில் 'உடையவனாயிருந்தான்' என்பது உண்மையான உடைமை; 'நடப்பட்ட' என்பது மரத்துக்கு அடைமொழி; மரத்தின் வேற்றுமைக்கேற்ப அதுவும் விகுதி ஏற்று நிற்கிறது. நட்ட மரம் எனக்கு உண்டு என்பதிலிருந்து மரத்தை நட்டிருக்கிறேன் என்ற பொருளுக்கு ஒரு சிறு அடிதான் தூரம். பிறகு அந்த அமைப்பு, நட்டேன் என்ற எளிய இறந்தகாலத்தின் இடத்தையும் விழுங்கியது. மூல இந்தோ-ஐரோப்பியத்தின் 'பாடியிருக்கிறான்' வடிவம் 'பாடினான்' ஆக இறங்கியதே, அதே இறக்கம் இரண்டாம் முறை.

தெற்கில் ஈற்று உயிர்கள் உதிர்ந்ததும் இதற்கு உதவியது. 'சொன்னான்' என்ற ஸாக்டெ ஈறு தேய்ந்தால் 'சொல்கிறான்' என்ற ஸாக்ட் போலவே ஒலிக்கும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் எது எந்தக் காலம் என்று எப்படித் தெரியும்? பவேரியப் பேச்சில் 'இருந்தான்' போன்ற ஓரிரு வடிவங்கள் மட்டும் தப்பின. சுவிஸ் ஜெர்மனில் அதுவும் இல்லை. அங்கே முன்னதற்கும் முன்னே நடந்ததைச் சொல்ல, துணைவினையை இரண்டு முறை போட்டு 'செய்திருந்து இருக்கிறேன்' என்பது மாதிரி அடுக்குகிறார்கள். யித்திஷிலும் எளிய இறந்தகாலம் இல்லை. வட ஜெர்மனியிலும் நாவல்களிலும் அது நலமாகவே இருக்கிறது.

எல்லாவற்றையும் துடைத்தெறிந்த மொழி ஏதாவது உண்டா?

கிட்டத்தட்ட அப்படி ஆனது, தென்னாப்பிரிக்காவில் டச்சிலிருந்து பிரிந்து வளர்ந்த ஆஃப்ரிகான்ஸ். டச்சில் பாடினேன் என்பதற்கு ஸோங், எச்சம் ஹெஸோங்கன். ஆஃப்ரிகான்ஸில் உயிர் மாற்றமும் இல்லை, வாலும் இல்லை. 'ஹெட் ஹெசிங்' என்று எல்லா வினைக்கும் ஒரே அச்சு. பட்டியல் மனப்பாடம் செய்யும் தொல்லை அங்கே பிள்ளைகளுக்கு இல்லை.

ஆனாலும் நாலைந்து வினைகள் தங்கள் இறந்தகாலத்தை விடவில்லை. 'இருந்தது' என்பதற்கு வஸ். அதற்கு அடுத்து கான் என்பதற்கு கொன், சல் என்பதற்கு சோ, வில் என்பதற்கு வோ, மூட் என்பதற்கு மூஸ். ஆங்கிலத்தின் கேன், ஷல், வில், மஸ்ட் ஆகியவற்றின் உடன்பிறப்புகள்தான் இவை. வில் தவிர மற்ற மூன்றும் தம் முதல் இறந்தகாலத்தை நிகழ்காலத்துக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதாக ஒன்றைத் தேடிக்கொண்டவை.